ஒட்டு மாமரத்துக்கு மாத்திரை இல்லை, அண்ணனுக்கு மட்டும் ஏன் ஆயுள் முழுக்க?

வெண்டைப்பூ எழுதியது:

வணக்கம். என் அண்ணனுக்குச் சென்ற தை மாதம் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்தவர் எங்கள் அம்மா. இருவரும் நலம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் அளவு அண்ணனுக்கு 1.2இல் நிற்கிறது.

எங்கள் தொழில் நாற்றுப்பண்ணை. மா, கொய்யா, சப்போட்டா ஒட்டுக் கன்றுகளும், கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளும் விற்கிறோம். அண்ணன்தான் ஒட்டுக் கட்டுவார். இப்போது பண்ணையை அண்ணியும் நானும் பார்த்துக்கொள்கிறோம். அவர் திண்ணையில் உட்கார்ந்து, "அந்த வரிசைக்குத் தண்ணீர் போகவில்லை", "இந்தக் கன்றில் கட்டு அவிழ்ந்திருக்கிறது" என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு கேள்விகள் கேட்க வந்தேன். முதல் கேள்வி அவருடையது. "நான் கட்டிய ஒட்டு ஒரு மாதத்தில் சேர்ந்துவிடுகிறது. பிறகு பேரன் காலம் வரை காய்க்கிறது. அடிக்கன்று ஏதோ ஒரு நாட்டு மாங்கொட்டை, மேலே செருகியது பங்கனப்பள்ளி. இரண்டும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. எனக்குப் பெற்ற தாயின் சிறுநீரகத்தையே வைத்திருக்கிறார்கள். அதற்கு ஏன் இத்தனை மாத்திரை, அதுவும் சாகும்வரை?" டாக்டரிடம் கேட்டார். வெளியே பெருங்கூட்டம் காத்திருந்ததால் அவர் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இரண்டாவது கேள்வி என்னுடையது. அண்ணன் மறுபடியும் மண்ணைத் தொடலாமா? ஓர் ஆண்டு போகட்டும் என்கிறார் ஒருவர், இனிமேல் தொழிலையே மாற்றிக்கொள்ளச் சொல்கிறார் இன்னொருவர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாற்றங்கால் எழுதியது:

தங்கச்சி, நான் நெல் விவசாயி. மருத்துவம் தெரியாது, ஆனால் இடம் மாற்றி நடுவதைப் பற்றிச் சொல்ல முடியும்.

எந்தப் பயிரையும் இடம் மாற்றினால் அதற்கு ஓர் அடி விழும். நாற்றைப் பறிக்கும்போது நம் கண்ணுக்குத் தெரிகிற வேர் கையோடு வந்துவிடுகிறது. தண்ணீரை உறிஞ்சுகிற வேர்த்தூவிகள் அறுந்து பழைய மண்ணிலேயே நின்றுவிடுகின்றன. இலையோ வழக்கம்போல் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். செலவு அப்படியே இருக்க வரவு நின்றுபோனால் வாடத்தானே செய்யும்? நட்ட வயல் முதல் சில நாள் மஞ்சளித்துத் தலை சாய்ந்து கிடப்பது இதனால்தான். அந்த நேரத்தில்தான் பயிருக்கு ஆள் துணை வேண்டும். தோட்டப்பயிர் என்றால் நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் என்று கணக்கு வைத்திருக்கிறோம். உயிர்த் தண்ணீரைத் தவறவிட்டவன் பிறகு வாய்க்காலையே திருப்பி விட்டாலும் பயன் இல்லை. புது வேர் விட்டுப் பச்சை பிடித்துவிட்டால் அப்புறம் கவலை கிடையாது.

இந்த அடியைக் குறைக்கவும் வழி உண்டு. செம்மை நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றையே எடுத்து, ஒற்றை நாற்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுகிறோம். வேரில் ஒட்டிய மண் உதிராமல் பாயைச் சுருட்டுவதுபோல எடுத்து வருவோம். இளம் நாற்றுக்கு அதிர்ச்சி குறைவு, தூரும் நிறையக் கட்டும். வயது முற்றிய நாற்றை நட்டால் அது பழைய இடத்தை மறப்பதற்குள் பருவமே போய்விடும்.

உங்கள் அண்ணனுக்கும் இதேதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். முதல் சில மாதம் கடந்துவிட்டால் வேர் பிடித்துவிடும். அதன் பிறகு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரவுப்பணி எழுதியது:

நாற்றங்கால் ஐயா, பயிரைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு தெளிவு. ஆனால் உங்கள் கடைசி வரியை யாரும் நம்பிவிடக் கூடாது. நான் உறுப்பு மாற்றுப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் திரும்பி வந்து டயாலிசிஸ் படுக்கையில் படுப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவள்.

வெண்டைப்பூ, உங்கள் அண்ணனின் உடம்பில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பெரும்பாலும் பழைய சிறுநீரகங்களை எடுப்பதில்லை. அவை முதுகுப்புறத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும். அம்மாவுடையதை அடிவயிற்றின் ஒரு பக்கம், இடுப்பெலும்புக் குழியில் வைப்பார்கள். அதன் தமனியையும் சிரையையும் காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களோடு இணைப்பார்கள். சிறுநீர்க் குழாயைச் சிறுநீர்ப்பையில் தைப்பார்கள். நரம்பு எதையும் இணைப்பதில்லை. ரத்தம் பாய்ந்ததும் வெளிறியிருந்த சிறுநீரகம் இளஞ்சிவப்பாக விம்மி நிற்கும். உயிருள்ளவர் கொடுத்தது என்றால் பல நேரம் மேசையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கிவிடும். ஐயா சொன்ன பச்சை பிடித்தல் அந்த நிமிடமே தொடங்கி, தழும்பு ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

மாத்திரை அதற்காக அல்ல. நம் உடம்பின் பெரும்பாலான அணுக்களின் மேல் சில புரதங்கள் இருக்கின்றன. இன்னார் உடம்பைச் சேர்ந்தது என்று அந்த அணுவை அடையாளம் காட்டுபவை அவை. அவற்றில் பாதியை அம்மாவிடமிருந்தும் பாதியை அப்பாவிடமிருந்தும் பெறுகிறோம். ஆகவே அம்மாவின் சிறுநீரகத்தில் அண்ணனின் உடம்புக்குத் தெரிந்த பாதியும் இருக்கிறது, தெரியாத பாதியும் இருக்கிறது. ரத்தத்தோடு சுற்றிவரும் வெள்ளை அணுக்கள் அந்தத் தெரியாத பாதியைக் கண்டதும் கிருமி புகுந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். நல்ல எண்ணத்தில் கொடுத்தது, தாய் கொடுத்தது என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. இந்த நினைவு ஆண்டுகள் போனாலும் அழியாது. அந்த அணுக்களை அடக்கி வைக்கத்தான் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் எல்லாம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். நிராகரிப்பு தொடங்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஒன்றுமே தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் கடிகாரம் பார்த்து 12 மணி நேரம்தான்.

ஒட்டுக்கத்தி எழுதியது:

அண்ணன் கேட்டது நம் தொழில்காரன் கேட்க வேண்டிய கேள்வி. நானும் ஒட்டுக் கட்டுபவன், தோட்டக்கலை படித்தவன். நெல் நாற்றை வைத்து இதற்குப் பதில் தேடக் கூடாது என்பது என் கருத்து. நாற்றில் வேரும் தண்டும் இலையும் சேர்ந்த முழு உயிர் இடம் மாறுகிறது, மாறுவது மண் மட்டும்தான். சிறுநீரகம் ஒரு பகுதி. அது இன்னோர் உயிரோடு சேர்ந்து வாழ வேண்டும். ஒட்டும் அப்படித்தான். அதனால் ஒட்டில் ஆரம்பித்த அண்ணனின் ஒப்பீடே பொருந்துகிறது.

மென்தண்டு ஒட்டில் என்ன செய்கிறோம்? அடிக்கன்றில் புதுத் தளிர் செம்பு நிறம் மாறும் பருவத்தில் தண்டை வெட்டி நடுவில் பிளக்கிறோம். மேல்குச்சியின் அடியை இரு பக்கமும் சீவி ஆப்பாக்கிப் பிளவில் இறக்குகிறோம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மயிரிழை அளவில் வளர்திசு ஓடுகிறது. இதன் வளர்திசு அதன் வளர்திசுவோடு ஒரு பக்கமாவது தொட்டுக்கொண்டால்தான் ஒட்டு பிடிக்கும். அதற்காகத்தான் தடிமன் ஒத்த குச்சியைத் தேடுகிறோம், பாலித்தீன் நாடாவை இறுக்கிச் சுற்றுகிறோம், ஈரம் போகாமல் உறை மாட்டுகிறோம். வெட்டுவாயில் இரு பக்கத் திசுவும் பொங்கி ஒன்றையொன்று பற்றுகிறது. பிறகு அதற்குள் நீர்க்குழாய்கள் உருவாகி மேலும் கீழும் இணைகின்றன. மருத்துவர் ரத்தக் குழாயை ஊசி போட்டுத் தைக்கிறார். நாம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறோம், தையலை மரம் பார்த்துக்கொள்கிறது.

சண்டை ஏன் இல்லை? மரத்துக்கும் தற்காப்பு உண்டு. பூஞ்சை நுழைந்தால் அந்த இடத்து அணுக்கள் தாமே செத்து வழியை அடைக்கும், கசப்பையும் பிசினையும் சுரக்கும். ஆனால் அது அந்தந்த அணு தானிருக்கும் இடத்தில் நின்று செய்யும் காவல். இடம்விட்டு இடம் சுற்றி வந்து "நீ யார்" என்று கேட்கும் வெள்ளை அணு மரத்தில் கிடையாது, எதிர்ப்பொருளும் கிடையாது. பங்கனப்பள்ளிக் குச்சி நோய் பரப்பாத வரையில் நாட்டு மாவுக்கு அதை விரட்டக் காரணமே இல்லை.

அதற்காக மரம் எதையும் ஏற்றுக்கொள்ளும் என்றும் இல்லை. மாவில் பலா ஒட்டாது. சப்போட்டாவை உலக்கைப் பாலையில் கட்டுகிறோம், இரண்டும் நெருங்கிய சொந்தம். கத்தரியைச் சுண்டையில் கட்டினால் வாடல் நோயும் வேர் நூற்புழுவும் தாக்குவது குறைகிறது, இரண்டும் ஒரே குடும்பம். உறவு தூரமானால் ஒட்டு பிடித்ததுபோல் காட்டிவிட்டுச் சில ஆண்டு கழித்து, ஒட்டிய இடத்தில் வீங்கி, காற்றில் முறிந்து விழுவதும் உண்டு. ஆக மரத்திலும் பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும், பொருந்திய பிறகு மருந்து வேண்டாம், அவ்வளவுதான்.

ஆனால் கவனம் வேண்டும். ஒட்டுக்குக் கீழே அடிக்கன்றிலிருந்து துளிர் வந்தால் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அதுவே மரமாகி, மேலே கட்டிய பங்கனப்பள்ளியைப் பட்டினி போட்டுவிடும். எத்தனை வயதானாலும் அடி அடிதான், மேல் மேல்தான். கலந்து ஒன்றாவதில்லை.

நாற்றங்கால் எழுதியது:

இரவுப்பணி அம்மா, மாத்திரையைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எடுத்த இடத்துக்கும் வைக்கிற இடத்துக்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் முக்கால் பங்கு. பறித்த நாற்று முடியை வரப்பில் வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வந்து வைக்கோலைத்தான் நட வேண்டும். மாலை நேரத்தில் நடு என்று காய்கறிக்காரர்கள் சொல்வதும் இதற்குத்தான். உறுப்புக்கும் இது பொருந்துமா, பொருந்தாதா?

இரவுப்பணி எழுதியது:

முழுக்கப் பொருந்தும் ஐயா. உறுப்பை எடுத்ததும் குளிர்ந்த பாதுகாப்புக் கரைசலால் கழுவிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பார்கள். குளிரில் அணுக்களின் பசி அடங்கும், ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு. இதயம் ஏறத்தாழ 4 மணி நேரம்தான் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும். போக்குவரத்தை நிறுத்திப் பச்சை வழித்தடம் அமைப்பது இதற்காகத்தான். கண் மட்டும் சற்று வேறு. இறந்து 6 மணி நேரத்துக்குள் விழிவெண்படலத்தை, அதாவது கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலத்தை, எடுத்துவிட்டால் போதும். அதில் ரத்தக் குழாய்களே இல்லாததால் வெள்ளை அணுக்களின் கண்ணில் அது எளிதில் படுவதில்லை. திசுப் பொருத்தம் பார்க்காமலே வைக்கிறார்கள், பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. ஒட்டுக்கத்தி சொன்ன மரத்துக்கு உடம்பில் மிக அருகில் வருவது கண்தான்.

மூலிகைக்கொடி எழுதியது:

அலோபதி மருந்தின் பக்க விளைவுகளை யாரும் பேசவில்லையே. உடம்பின் சக்தியை அடக்கிக்கொண்டே எத்தனை காலம் வாழ முடியும்? நெருஞ்சில், மூக்கிரட்டை இரண்டும் சிறுநீரகத்துக்கு நல்லவை என்று பரம்பரையாகச் சொல்லப்படுகின்றன. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் கஷாயங்களும் இருக்கின்றன. ஆங்கில மருந்தோடு சேர்த்தே கொடுத்துப் பார்க்கலாம்.

இரவுப்பணி எழுதியது:

மூலிகைக்கொடி, அக்கறையில்தான் சொல்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது அந்தச் சிறுநீரகத்தைக் கொல்லும் வேலை. அடக்கி வைத்த அணுக்களை நாமே தட்டி எழுப்புவதற்குச் சமம்.

சேர்த்துக் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. டாக்ரோலிமஸைக் குடலிலும் கல்லீரலிலும் ஒரு நொதி சிதைக்கிறது. எவ்வளவு சிதையும் என்று கணக்குப் போட்டு, ரத்தத்தில் அளந்து பார்த்துத்தான் அளவை முடிவு செய்கிறார்கள். பம்பளிமாஸ் பழம் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். மருந்து ரத்தத்தில் ஏறி அதே சிறுநீரகத்துக்கு நஞ்சாகும். வேறு சில மூலிகைகள் நொதியைத் தூண்டும். அப்போது மருந்து குறைந்து நிராகரிப்பு வரும். எந்தக் கஷாயம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அளந்து பார்க்காமல் குடிக்கக் கூடாது. சளிக்கு வாங்கும் ஆன்டிபயாடிக்கைக்கூட இவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது, சிலவற்றுக்கு இதே குணம் உண்டு. வலி மாத்திரையும் வேண்டாம். பண்ணையில் நட்சத்திரப் பழ மரம் இருந்தால் அதன் பழமும் வேண்டாம், பழுதான சிறுநீரகத்துக்கு அது விஷம்.

பக்க விளைவு உண்டு, மறைக்கவில்லை. சர்க்கரை ஏறலாம், கை நடுங்கலாம், தொற்று எளிதில் வரலாம், பல ஆண்டுகளில் தோல் புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது. அத்தனையும் தெரிந்துதான் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அடுத்த பக்கத்தில் டயாலிசிஸ் நிற்கிறது.

மூலிகைக்கொடி எழுதியது:

பம்பளிமாஸ் விவரம் எனக்குப் புதிது. மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு இனி நான் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். வெண்டைப்பூ, என் பதிவை அண்ணனிடம் காட்ட வேண்டாம்.

சுவடிக்கட்டு எழுதியது:

இந்த இழையில் ஒரு வரலாற்றைச் சேர்க்க வேண்டும். அண்ணனுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. செய்தவர் ஜோசப் மரே, பின்னாளில் 1990இல் நோபல் பரிசு பெற்றார். ரொனால்டு ஹெரிக் கொடுத்தார், ரிச்சர்டு ஹெரிக் பெற்றுக்கொண்டார். இருவரும் ஒரே கருவில் பிளந்த இரட்டையர். அதை உறுதிசெய்ய முதலில் ஒருவரின் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். தோல் நிலைத்தது, சிறுநீரகமும் நிலைத்தது. எதிர்ப்பை அடக்க எந்த மருந்தும் தேவைப்படவில்லை. ரிச்சர்டு மேலும் 8 ஆண்டுகள் வாழ்ந்தார். அண்ணன் கேட்ட "மாத்திரை இல்லாத ஒட்டு" மனிதருக்கும் வாய்த்திருக்கிறது, ஆனால் அடியும் மேலும் ஒரே விதையாக இருந்தபோது மட்டும்.

மற்றவர்களுக்கு மருந்து வேண்டியிருந்தது. அந்த மருந்து எங்கே கிடைத்தது தெரியுமா? மண்ணில். நார்வே நாட்டின் ஹார்டாங்கர்விட்டா என்ற மேட்டுநிலத்தில் அள்ளிய மண்ணில் இருந்த பூஞ்சைதான் சைக்ளோஸ்போரின் தந்தது. பூஞ்சைக்கொல்லி ஏதாவது கிடைக்குமா என்று தேடிய சுவிஸ் நிறுவனமான சாண்டோஸ், வெள்ளை அணுக்களை அடக்கும் குணத்தை 1970களில் அதில் கண்டது. 1983இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்த பிறகுதான் உறுப்பு மாற்று உலகெங்கும் வழக்கமான சிகிச்சை ஆனது. அண்ணன் இப்போது விழுங்கும் டாக்ரோலிமஸ், ஜப்பானின் சுக்குபா பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் சுரப்பது. 1984இல் கண்டுபிடித்தார்கள். சிரோலிமஸ் என்ற இன்னொரு மருந்து பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்தது. மைக்கோபினோலேட்டின் மூலம் 1893இல் இத்தாலியில் பார்தொலொமெயோ கோசியோ கெட்டுப்போன மக்காச்சோளத்துப் பூஞ்சையில் பிரித்தெடுத்த அமிலம். ஒரு நுண்ணுயிர் இன்னொன்றை அடக்கி இடம் பிடிக்கச் சுரப்பவை இவை என்று கருதுகிறார்கள். நாற்றுப்பண்ணைக்காரர் உயிரைக் காப்பது மண்ணில் நடக்கும் போட்டியின் விளைச்சல் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

வெண்டைப்பூ எழுதியது:

அனைத்தையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஒட்டுக்கத்தி எழுதியதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இரட்டையர் செய்தி வந்தபோது, "விதை ஒன்று என்றால் சரி" என்றார். ஆனால் ஒரு விஷயம் அவரை வருத்திவிட்டது. "அம்மா கொடுத்ததை என் உடம்பு எதிரி என்று நினைக்கிறதா?" என்று கேட்டுவிட்டு அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவுக்கும் அது காதில் விழுந்துவிட்டது.

இரவுப்பணி எழுதியது:

அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். அவரிடம் அம்மாவின் பாதி இருப்பதுபோல அம்மா சுமந்த குழந்தையிடமும் அப்பாவின் பாதி இருந்தது. அம்மாவின் வெள்ளை அணுக்களுக்கு அது தெரியாத பாதி. ஆனாலும் பத்து மாதம் அந்த உடம்பு அவரை நிராகரிக்கவில்லை. எப்படி என்று 1953இலேயே பீட்டர் மெடவார் என்ற அறிஞர் கேட்டார், இன்றுவரை ஆராய்கிறார்கள். நஞ்சுக்கொடி இதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பது தெளிவாகியிருக்கிறது.

அதோடு, கருவில் இருக்கும்போதே தாயின் அணுக்கள் சில நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குள் போய்ப் பல ஆண்டுகள் தங்குகின்றன. வளர்ந்தவர்களின் ரத்தத்திலும் அவற்றைக் கண்டிருக்கிறார்கள். அண்ணனுக்குள் அம்மாவின் அணுக்கள் வருவது இது முதல் முறையாக இல்லாமல் இருக்கலாம். வெள்ளை அணுக்கள் பகையால் வேலை செய்வதில்லை. அந்தக் காவல் இல்லாமல் போயிருந்தால் அண்ணன் குழந்தைப் பருவத்தையே தாண்டியிருக்க மாட்டார்.

இடப்பக்கத்தழும்பு எழுதியது:

இழை முழுக்க அண்ணனைப் பற்றியே பேசிவிட்டோம். நான் என் மனைவிக்குச் சிறுநீரகம் கொடுத்தவன், ஆகவே அம்மாவைப் பற்றிக் கேட்கிறேன். கொடுத்தவரை வீடு மறந்துவிடுகிறது. பெற்றவருக்கு மாதாமாதம் பரிசோதனை, கொடுத்தவருக்கு "நீதான் நல்லா இருக்கிறாயே" என்ற ஒரு வார்த்தை.

அம்மாவுக்கு மீதி இருக்கும் சிறுநீரகம் சற்றுப் பெரிதாகி வேலையைக் கூடுதலாக ஏற்றுக்கொள்ளும், அது இயற்கை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரை அவருக்கும் கூடாது. அண்ணனின் அடுத்த பரிசோதனைக்கு அம்மாவையும் அழைத்துப் போய் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் கொடுக்க ஆள் இருப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவினர் கொடுக்கலாம், மற்றவர்கள் என்றால் அனுமதிக் குழு விசாரிக்கும். யாரும் இல்லாதவர்கள் மூளைச்சாவு அடைந்தவர் குடும்பம் மனம் வைக்கும்வரை பட்டியலில் காத்திருக்கிறார்கள். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தது தமிழ்நாட்டில் பலரின் மனத்தைத் திறந்தது. 2023 முதல் உறுப்பு தந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. மூளைச்சாவை நான்கு மருத்துவர் குழு, 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் உறுதி செய்கிறது. "உயிர் இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள்" என்ற பயத்தில் மறுப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லாத நாள் இல்லை.

மாடிமல்லிகை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லை என்பதால் நான் வருகிறேன். நானும் சிறுநீரகம் பெற்றவள், மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன்.

மண்ணைத் தொடலாம், ஆனால் முதல் சில மாதங்கள் கூடாது. அப்போதுதான் மருந்தின் அளவு உச்சத்தில் இருக்கும். எப்போது தொடங்கலாம் என்பது உறுப்பு மாற்று மையத்துக்கு மையம், ஆளுக்கு ஆள் மாறும். தேதியைச் சொல்ல வேண்டியவர் அவருடைய மருத்துவர்தான்.

அண்ணனுக்கு நான் அஞ்சுவது ஒட்டுக் கட்டுவதை அல்ல, பை நிரப்புவதை. காய்ந்த தொழுவுரத்தையும் மட்கையும் கிளறும்போது எழும் தூசியில் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வித்துகள் இருக்கும். நமக்கு ஒரு தும்மலோடு போவது அவருக்கு நுரையீரலில் குடியேறிவிடலாம். தொட்டிக் கலவையில் வாழும் ஒரு வகை லெஜியோனெல்லா பாக்டீரியா பற்றி ஆஸ்திரேலியாவில் மண் பைகளின் மேலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். ஆகவே உரம் கலப்பது, மட்கு சலிப்பது, பை நிரப்புவது எல்லாம் எப்போதும் வேறொருவர் வேலையாக இருக்கட்டும். நிரப்பிய பைகளுக்கு நீர் தெளித்துத் தூசி அடங்கிய பிறகு அவர் உள்ளே வரட்டும்.

வெறுங்காலோடு பண்ணையில் நடக்கவே கூடாது, இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஈர மண்ணில் இருக்கும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு பாதத் தோல் வழியாக ஏறும். எதிர்ப்பு அடக்கப்பட்ட உடம்பில் அது கட்டுக்கடங்காமல் பெருகி உயிரையே எடுக்கும். எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. ரப்பர் பூட்ஸ், நீளக் கையுறை, முகக்கவசம் மூன்றும் வேண்டும். ரோஜா முள் குத்தினாலும் அலட்சியம் கூடாது, அதன் வழியாகவும் பூஞ்சை நுழையும். பூனை மணலைத் தோண்டும் இடமும் புறா எச்சம் கொட்டும் கொட்டகையும் அவருக்கு விலக்கு. வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும், இரவுப்பணி சொன்ன தோல் புற்றுநோய்க்காக.

இத்தனையும் செய்துகொண்டு நான் மல்லிகை, கீரை, பாகல் எல்லாம் வளர்க்கிறேன். தொழிலை மாற்றச் சொன்னவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

நாற்றங்கால் எழுதியது:

நெல் வயல் என்றால்?

இரவுப்பணி எழுதியது:

சேற்றில் இறங்குவது வேண்டாம் ஐயா. எலிக்காய்ச்சலோடு, நெல் வயல் சேற்றில் மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றின் கிருமியும் இருக்கலாம். வரப்பில் நின்று பார்ப்பதற்குத் தடை இல்லை.

மாடிமல்லிகை எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒட்டுக் கத்தியால் விரல் வெட்டுப்படுவது அவர் தொழிலில் சாதாரணம். இனி வெட்டுப்பட்டால் உடனே கழுவி, மருந்து போட்டு, சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மையத்துக்குப் பேச வேண்டும். நாளை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

வெண்டைப்பூ எழுதியது:

மாடிமல்லிகை அக்காவின் பதிவை அச்செடுத்து மையத்துக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் ஒவ்வொன்றாகப் படித்தார். பை நிரப்புவது நிரந்தரமாக வேண்டாம், மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலையை ஆடி மாதப் பரிசோதனை சரியாக இருந்தால் தொடங்கலாம் என்றார். அம்மாவுக்கும் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் சற்று ஏறியிருந்தது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இடப்பக்கத்தழும்பு அண்ணன் நினைவூட்டாமல் இருந்திருந்தால் நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம்.

அடிக்கன்றுகளை நானும் அண்ணியும் தனியே கழுவிய பைகளில் மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாகத் திட்டம். ஒட்டுக்கத்தி அண்ணா, ஆடியில் தொடங்கினால் மாவுக்குப் பருவம் சரிதானே? குச்சியை நாங்கள் இப்போதிருந்தே எப்படித் தயார் செய்ய வேண்டும்?

ஒட்டுக்கத்தி எழுதியது:

ஆடி, ஆவணி இரண்டும் நல்ல பருவம், காற்றில் ஈரம் இருக்கும். தாய்மரத்தில் பென்சில் தடிமனில், நுனிமொட்டு பருத்த, அந்தப் பருவத்தில் பூக்காத குச்சிகளைப் பார்த்து அடையாளம் கட்டி வையுங்கள். ஒட்டுக் கட்டும் நாளுக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, இலைக்காம்பு மட்டும் நிற்கும்படி இலைகளை வெட்டிவிடுங்கள். காம்பு தானே உதிர்ந்து மொட்டு விம்மும். அந்த நேரத்தில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றைக்கே அண்ணன் கையில் கொடுங்கள். கத்தியை ஒவ்வொரு மரத்துக்கும் நடுவே ஸ்பிரிட்டில் துடைப்பதை இனி விடவே கூடாது. முன்பு அது கன்றுகளுக்காக, இப்போது அவர் விரலுக்காகவும் சேர்த்து.